முறைத் தண்ணீர்

அன்புள்ள ஐயா,
கல்லூரியில் அரசின் தோற்றம் பற்றிப் பாடம் நடக்கிறது. ஆங்கிலத் தத்துவ அறிஞர்களில் ஹாப்ஸ், அரசு பயத்தால் வந்தது என்கிறார்; லாக், மக்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் என்கிறார். எங்கள் வீட்டில் யாரும் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டதாகத் தெரியவில்லையே! அரசுக்கு முன்பே நீதி இருந்ததா, இல்லை அரசுதான் அதைக் கொண்டுவந்ததா?
- ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள அம்மணிக்கு,

அந்தக் கையெழுத்துக் கேள்வியை 1748இலேயே ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் கேட்டுவிட்டார். அதற்கு முன், 1740இல், அவர் சொன்ன உதாரணம் நம் பக்கத்து ஆட்களுக்குச் சட்டென்று விளங்கும். பொதுப் புல்வெளியில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் என்றால் பேசிவைத்து வடித்துவிடுவார்கள். ஒருவர் வராவிட்டால் வேலையே நின்றுபோகும் என்று இருவருக்கும் தெரியும். ஆயிரம் பேர் என்றால் ஆளாளுக்குச் சாக்குச் சொல்லி, பாரத்தை அடுத்தவர் தலையில் கட்டுவார்கள். அங்கேதான் அரசு வேண்டியிருக்கிறது என்கிறார்.

என் தாத்தா உங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாக்காரர்தான். ஊரைவிட்டு நகராமலே மூன்று அரசுகளைப் பார்த்தவர்: 1949 வரை கொச்சி சமஸ்தானம், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி, 1956இல் கேரளம். ஏரி வாய்க்காலில் எங்கள் முறை மட்டும் செவ்வாய் இரவாகவே இருந்தது.

முறை என்ற சொல்லைப் பாருங்கள். தண்ணீருக்கும் முறை, மாமன் மச்சானுக்கும் முறை. வள்ளுவர் செங்கோன்மையில் 'தேர்ந்துசெய் வஃதே முறை' என்னும்போது அதற்கு நீதி என்று பொருள். அவரவர் பங்கு அவரவருக்கு என்ற எண்ணம் அரசுக்கு முந்தியதுதான் என்று நான் நினைப்பது இதனால்தான்.

ஆனால் எங்கள் வயல் கடைமடை. மேலே இருப்பவர் இருட்டில் மண்வெட்டியால் ஒரு கட்டி மண்ணைப் பெயர்த்தால் போதும், எங்களுக்கு வருவது ஈரம் மட்டும். போய்ச் சத்தம் போடலாம். அதற்கு மேல் என்ன செய்வது? சம்பந்தி வேறு.

அப்புறம் வாய்க்காலுக்கு ஷட்டர் வந்தது, சாவியோடு ஓர் அரசாங்க ஆள் வந்தார். ஹியூம் கணக்குப்படி அவர் யார் பக்கமும் சாயக் கூடாது; நீதி நடப்பதில்தான் அவருக்கு லாபம். இங்கேதான் எனக்கு ஹியூமோடு ஒத்துப்போகவில்லை. சாவிக்காரருக்கு டீ கிடைத்தது மேல்மடை வீடுகளில். அதே குறளில் 'கண்ணோடாது' என்று ஒரு சொல் வருகிறதே, முகம் பார்த்து இளகாமல் என்று, அது ஷட்டர் சாவி வைத்திருப்பவருக்குச் சொன்னது.

தாத்தா குறள் படித்ததில்லை. செவ்வாய் இரவுகளில் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய் ஷட்டர் பக்கத்தில் போட்டுப் படுத்துவிடுவார். சாவிக்காரர் கேட்டால், "வீட்டுக்குள்ள ஒரே புழுக்கமுங்க" என்பார். மார்கழியிலும் அதே பதில்தான்.