வாசகர் கேள்வி – பதில்: வைத்தியசாலையின் பதிவும் பில்லும் ஏன் பொருந்துவதில்லை?

கேள்வி: என் தகப்பனாரை நகரிலுள்ள தனியார் வைத்தியசாலை ஒன்றில் அனுமதித்திருந்தோம். வீட்டுக்குப் போகலாம் என்று வைத்தியர் காலையிலேயே எழுதிவிட்டார். ஆனால் பில் கைக்கு வரும்போது பிற்பகலாகிவிட்டது. எல்லாப் பிரிவிலும் கணினி இருக்கும்போது இத்தனை தாமதம் ஏன்?
— வாசகி, உப்புவெளி

பதில்: பிரிவுக்கு ஒரு கணினி இருந்தும், ஒன்றில் பதிந்தது மற்றொன்றுக்குப் போய்ச் சேராததே இதற்குக் காரணம். நோயாளியை விடுவிக்கலாம் என்ற குறிப்பு விடுதியில் எழுதப்பட்ட பிறகுதான் காசாளர் கணக்கைத் திரட்டத் தொடங்குகிறார். பாவிக்காத மருந்துகளை விடுதியிலிருந்து மருந்தகம் திரும்பப் பெற்று எண்ண வேண்டும். ஆய்வுகூடத்தின் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். வைத்திய நிபுணர் எத்தனை தடவை வந்து பார்த்தார் என்பதைத் தாதியிடம் கேட்க வேண்டும். ஒட்சிசன் எத்தனை மணி நேரம் கொடுக்கப்பட்டது என்று யாராவது நோயாளியின் விடுதிச் சிகிச்சைக் குறிப்பேட்டை (பி.எச்.டி., BHT) புரட்டிக் கூட்ட வேண்டும். சிகிச்சை நடந்த நாட்களிலேயே செய்திருக்க வேண்டிய பதிவுகள் அனைத்தும் கடைசி நாளின் சில மணி நேரத்துக்குள் திணிக்கப்படுகின்றன.

முறைமைகள் இணைந்திருந்தால், ஒவ்வொரு சேவையும் நடக்கும்போதே அதன் கட்டணம் நோயாளியின் கணக்கில் ஏறிவிடும். விடுவிக்கும் நாளில் திரும்பிவரும் மருந்தையும் கடைசி வருகையையும் மட்டும் சரிபார்த்தால் போதும். அந்த நிலை வரும்வரை, இரண்டு நாளுக்கு ஒருமுறை இடைக்காலப் பில் தரும்படி கேளுங்கள். அப்போது தவறான பதிவுகள் நினைவு பசுமையாக இருக்கும்போதே திருத்தப்படும்; கடைசி நாளின் வேலையும் குறையும்.

கேள்வி: சிறிய தனியார் வைத்தியசாலை ஒன்றின் நிர்வாகப் பிரிவில் பணியாற்றுகிறேன். அனுமதிப் பதிவுக்கு ஒன்று, பில்லுக்கும் கணக்குக்கும் ஒன்று, ஆய்வுகூடத்துக்கு ஒன்று என மூன்று மென்பொருள்கள் எங்களிடம் உள்ளன. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஒரே மென்பொருளை வாங்குமாறு விற்பனையாளர் வற்புறுத்துகிறார். அவற்றை இணைத்தே பயன்படுத்த முடியாதா? எங்கிருந்து தொடங்குவது?
— வாசகர், உவர்மலை

பதில்: வாங்குவதா இணைப்பதா என்பதைப் பிறகு தீர்மானிக்கலாம். எந்த வழியில் போனாலும் முதலில் முடிக்க வேண்டிய வேலை ஒன்றுண்டு. அதை முடிக்காமல் எவ்வளவு விலையுயர்ந்த மென்பொருளை வாங்கினாலும் பழைய குழப்பம் புதிய திரையில் தெரியும், அவ்வளவுதான். நோயாளி யார் என்பதை மூன்று முறைமைகளும் ஒரே விதமாக அறிந்துகொள்ளச் செய்வதே அந்த வேலை.

இது நம்முடைய ஊரில் எளிதன்று. தமிழ், முஸ்லிம், சிங்களப் பெயர்கள் மூன்றும் ஆங்கில எழுத்தில் பதியப்படுகின்றன. ஒரே சிவகுமாரை ஒருவர் ஒரு விதமாகவும் அடுத்த முறைப் பணியில் இருப்பவர் வேறு விதமாகவும் எழுதுவார். தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒரு பதிவில் முன்னால் வரும், இன்னொன்றில் விடுபட்டுப்போகும். அடையாள அட்டை இலக்கமும் இரண்டு வடிவங்களில் புழங்குகிறது: 9 இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்ட பழைய வடிவம், 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்கப் புதிய வடிவம். பழைய இலக்கத்தின் முன்னால் 19ஐச் சேர்த்து, பிறந்த நாளைக் குறிக்கும் மூன்று இலக்கங்களுக்குப் பின் ஒரு பூச்சியத்தை இட்டு, கடைசி எழுத்தை நீக்கினால் புதிய வடிவம் கிடைக்கும். இந்த மாற்றத்தை உங்கள் மென்பொருள் தானாகச் செய்யாவிட்டால், ஒரே மனிதர் இரண்டு நோயாளிகளாக நிற்பார்.

ஆகவே ஒவ்வொருவருக்கும் வாழ்நாள் முழுவதும் மாறாத ஒரு நோயாளி இலக்கம் வேண்டும். ஒவ்வொரு அனுமதிக்கும் வருகைக்கும் தனி இலக்கம் வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதுவதே சிறிய வைத்தியசாலைகளில் நடக்கும் பெரிய பிழை என்பது என் கருத்து. ஒவ்வாமை, இரத்த வகை, பழைய நோய்கள் ஆகியவை முதலாவதோடு சேரும். கட்டணங்கள் இரண்டாவதோடு சேரும். பிறந்த குழந்தைக்கு, பெயர் வைக்கும்வரை காத்திராமல், பிறந்தவுடனேயே சொந்த இலக்கம் கொடுத்து அதைத் தாயின் இலக்கத்தோடு தொடர்புபடுத்துங்கள். இரட்டைக் குழந்தைகள் பிறக்கும் அன்று இதன் அருமை தெரியும். நினைவிழந்து கொண்டுவரப்படுபவருக்குத் தற்காலிக இலக்கம் கொடுத்து, ஆள் யாரெனத் தெரிந்தபின் இரு பதிவுகளையும் ஒன்றாக்கும் வசதி இருக்க வேண்டும். ஒருவருக்கு இரண்டு பதிவுகள் இருப்பது தொல்லை. இருவரின் விவரங்கள் ஒரே பதிவில் கலந்துவிடுவதோ உயிராபத்து. எனவே, சந்தேகம் இருக்கும்போது பதிவுகளை ஒன்றாக்காமல் விட்டுவிடுவதே பாதுகாப்பானது.

அடுத்தது சேவைப் பட்டியல். முழு இரத்தப் பரிசோதனையை வைத்தியர் எஃப்.பி.சி. என்று எழுதுவார், ஆய்வுகூடத்தில் அதற்கு ஒரு குறியீடு, பில்லில் வேறொரு பெயரும் விலையும். மூன்றுக்கும் பொதுவான ஒரே குறியீட்டை ஏற்படுத்தி, விலையை ஓரிடத்தில் மட்டும் வைத்திருங்கள். பிறகு கட்டணம் எந்தக் கணத்தில் ஏற வேண்டும் என்பதை முடிவு செய்யுங்கள். வைத்தியர் கட்டளையிட்டவுடன் ஏற்றினால், கைவிடப்பட்ட பரிசோதனைகளுக்கெல்லாம் பணம் திருப்பிக் கொடுக்க நேரிடும். ஆய்வுகூடம் மாதிரியை ஏற்றுக்கொள்ளும்போதும், மருந்து நோயாளிக்குக் கொடுக்கப்படும்போதும் ஏற்றுவதே நேர்மையானது. விடுதியில் இருப்பிலுள்ள ஊசி, சேலைன், பஞ்சு ஆகியவைதான் பெரும்பாலும் கணக்கிலிருந்து நழுவுகின்றன. அவற்றைப் பதிவதற்குத் தாதியர் இன்னொரு படிவம் நிரப்ப வேண்டியதாக அமைத்துவிடாதீர்கள். மருந்து கொடுத்ததைச் சிகிச்சைப் பதிவில் குறிக்கும் அதே செயலிலிருந்து கட்டணம் பிறக்க வேண்டும்.

இணைப்பதற்கான பொது மொழி உலகில் ஏற்கெனவே இருக்கிறது. மருத்துவ மென்பொருள்கள் தகவல் பரிமாறுவதற்கான தரநிலைகளை வகுக்கும் எச்.எல்.7 (HL7) அமைப்பு 1987இல் தொடங்கப்பட்டது. அதன் இரண்டாம் பதிப்புச் செய்திகளில் அனுமதி, இடமாற்றம், விடுவிப்பு, கட்டணப் பதிவு, பதிவுகளை ஒன்றாக்குதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் செய்திவகை உண்டு. அதே அமைப்பு 2014இல் முதற் பரீட்சார்த்தப் பதிப்பாக வெளியிட்ட ஃபயர் (FHIR) என்ற புதிய தரநிலை, இணையவழிச் சேவைகளுக்கு ஏற்றது. எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களுக்கு டைகொம் (DICOM) என்ற தரநிலை உண்டு. உங்கள் மூன்று மென்பொருள்களில் எவை இவற்றை அனுப்பவும் பெறவும் வல்லவை என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டு வல்லவையாக இருந்தால், மூன்றாவதை மட்டும் மாற்றினால் போதும். ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் நேரடியாகப் பிணைக்காதீர்கள்: மூன்றுக்கு மூன்று இணைப்புகள்தான், ஆனால் மருந்தகமும் எக்ஸ்ரேயும் சேர்ந்து ஐந்தானால் பத்து இணைப்புகள் தேவைப்படும். ஒவ்வொன்றின் செய்தியையும் வாங்கி உரியதற்கு அனுப்பும் ஒரு செய்திப் பரிமாற்றியை நடுவே வைத்தால் ஐந்தே போதும். புதிதாக வாங்குவதாயின், ஒப்பந்தம் முடியும்போது உங்கள் தரவு முழுவதையும் பொதுவான வடிவத்தில் திருப்பித் தருவதற்கான நிபந்தனை இல்லாமல் கையெழுத்திடாதீர்கள்.

ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்றுவதை நான் ஆதரிக்கவில்லை. அனுமதிப் பதிவை முதலில் இணைத்து, பிறகு ஆய்வுகூடம், அதன்பின் மருந்தகம் என்று போங்கள். செய்த பரிசோதனைகளையும் பில்லில் ஏறிய பரிசோதனைகளையும் ஒவ்வொரு மாலையும் ஒப்பிட ஒருவரை நியமியுங்கள். 2022இன் நீண்ட மின்வெட்டுகளை நாம் மறந்திருக்க முடியாது. கணினி நின்றுபோனால் பாவிக்கும் காகிதப் படிவங்களிலும், பின்னர் பதிவேற்றும்போது பிழை வராதபடி, முன்கூட்டியே அச்சிட்ட இலக்கங்கள் இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். இணைப்பு வந்தபின், பணம் செலுத்தாவிட்டால் ஆய்வுகூட முடிவைத் திரையில் காட்டாமல் மறைக்கும் விதியை மென்பொருளில் புகுத்துவது மிக எளிது. விற்பனையாளர் அதை ஒரு வசதியாகவே காட்டுவார். நோயாளி விடுதியில் கிடக்கும்போது அவருடைய இரத்தப் பொட்டாசிய அளவு வைத்தியருக்குத் தெரியாமற்போவது கொலைக்கு ஒப்பானது. நிலுவைப் பணத்தைக் காசாளர் கேட்கட்டும். சிகிச்சைப் பதிவின் மீது பில் முறைமைக்கு எந்த அதிகாரமும் வேண்டாம். நோய் நிர்ணயமும் அப்படியே: காப்புறுதி நிறுவனம் கேட்கும் ஐ.சி.டி. குறியீடு, அதாவது நோய்களுக்கான சர்வதேசக் குறியீடு, வைத்தியர் எழுதிய நோய் நிர்ணய அட்டையிலிருந்து பில்லுக்குப் போக வேண்டும். கட்டணப் பிரிவில் தெரிவு செய்யப்பட்டது திரும்பி வந்து மருத்துவப் பதிவை மாற்றக் கூடாது.

கேள்வி: அரசாங்க வைத்தியசாலையில் பில்லே கிடையாது. அங்கே இந்த இணைப்பினால் என்ன பயன்?
— வாசகர், கிண்ணியா

பதில்: நோயாளியிடம் பணம் கேட்பதில்லையே தவிர, செலவு இல்லாமல் இல்லை. எந்த விடுதியில் எந்த மருந்து எவ்வளவு போகிறது என்பது சிகிச்சைப் பதிவிலிருந்தே தெரிந்தால், களஞ்சியத்தில் இருப்புத் தீர்ந்துபோவதற்கு முன்பே கோரிக்கை அனுப்பலாம். நோய்கள், மரணங்கள் பற்றி வைத்தியசாலைகள் அனுப்ப வேண்டிய அறிக்கைகளையும் பழைய பதிவுகளைப் புரட்டித் தொகுக்க வேண்டியதில்லை. நோயாளிக்கு அதைவிடப் பெரிய பயன் ஒன்றுண்டு. கிண்ணியாவிலோ மூதூரிலோ கிளினிக் போகிறவர் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு அனுப்பப்படும்போது, அவருடைய வரலாறு கிளினிக் கொப்பியில் மட்டும் இருந்தால், அது வீட்டில் தங்கிவிட்ட அன்று எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கும். சுகாதார அமைச்சின் தனிநபர் சுகாதார இலக்கம் இதற்காகத்தான்.

கேள்வி: எல்லாம் இணைந்துவிட்டால் என் நோய் விவரத்தைக் காசாளரும் பார்ப்பாரா?
— மாணவி, நிலாவெளி

பதில்: பார்க்கக் கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலத் தரவுகளைச் சிறப்பு வகையான தரவுகளில் சேர்க்கிறது. காசாளருக்குச் சேவையின் பெயரும் தொகையும் போதும். உளநலம், பாலியல் நோய் போன்ற பிரிவுகளில் சேவையின் பெயரே செய்தியைச் சொல்லிவிடும் என்பதால் அங்கே பொதுவான தலைப்பை மட்டும் காட்ட வேண்டும். ஒவ்வொருவரும் தமது சொந்தக் கடவுச்சொல்லால் நுழைய வேண்டும்; யார், எப்போது, எந்தப் பதிவைத் திறந்தார் என்பது அழிக்க முடியாதபடி பதிவாக வேண்டும். விடுதியில் எல்லோரும் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்வதைக் கண்டால், நோயாளி என்ற முறையில் அதை நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவிக்க நீங்கள் தயங்க வேண்டியதில்லை.