காரைக் கண்டுபிடித்தவர் ஃபோர்டா?

கேள்வி: உலகின் முதல் காரைச் செய்தவர் ஹென்றி ஃபோர்டு என்கிறேன் நான். கார்ல் பென்ஸ் என்கிறார் என் நண்பர். யார் சொல்வது சரி?
(வாசகர், கரூர்)

பதில்: நண்பர் சொல்வதுதான் சரி. ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் பென்ஸ் தன் மூன்று சக்கர பெட்ரோல் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த நாள் 1886 ஜனவரி 29. அதே ஆண்டு, அதே நாட்டின் கான்ஸ்டாட்டில் டைம்லர், மேபாக் என்ற இரண்டு பொறியாளர்கள் நாலு சக்கர வண்டியில் எஞ்சினைப் பொருத்தி ஓட்டினார்கள். ஃபோர்டு தன் முதல் வண்டியை ஓட்டிப் பார்த்தது 1896இல்தான்.

ஆனால் இந்தப் பட்டத்தை ஃபோர்டுக்குக் கொடுப்பது பென்ஸைவிட ஃபோர்டுக்கே பெரிய அநியாயம். கார் என்பதே தன் கண்டுபிடிப்பு என்று ஒருவர் உரிமை கொண்டாடியதை எதிர்த்து ஏழு வருஷத்துக்கு மேல் கோர்ட்டில் போராடியவர் அவர்.

அந்த ஒருவர் நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டரைச் சேர்ந்த வக்கீல் ஜார்ஜ் செல்டன். 1879இல் காப்புரிமைக்கு மனுப் போட்டார். அதில் திருத்தத்துக்கு மேல் திருத்தம் செய்து 16 வருஷம் இழுத்தடித்து, கார்த் தொழில் தலையெடுத்த 1895இல் உரிமையைக் கையில் வாங்கினார். அதுவரை முழு வண்டி ஒன்றைக்கூட அவர் செய்து ஓட்டியதில்லை! அந்தக் காகிதத்தை வைத்து 1903இல் கார்க் கம்பெனிகள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தன. விற்கும் ஒவ்வொரு பெட்ரோல் காருக்கும் விலையில் 1.25 சதவீதம் கப்பம். பெரிய கம்பெனிகளே பணிந்து கட்டின. ஃபோர்டு மறுத்தார், வழக்கு வந்தது. சங்கத்தில் சேராத கம்பெனியின் காரை வாங்கினால் உங்கள் மேலும் வழக்குப் பாயும் என்று வாங்குபவர்களையே மிரட்டி விளம்பரம் போட்டார்கள். அப்படி வழக்கு வந்தால் நஷ்டத்தை நாங்கள் ஏற்கிறோம் என்று எழுதிக் கொடுத்துக் கார் விற்றது ஃபோர்டு கம்பெனி. எனக்கு ஃபோர்டிடம் மிகப் பிடித்த இடம் இது.

1909இல் தோற்றார். மேல்முறையீட்டில், 1911 ஜனவரியில் ஜெயித்தார். செல்டனின் காப்புரிமை பிரேட்டன் என்பவரின் பழைய வகை எஞ்சினுக்குத்தான் பொருந்தும், ஃபோர்டு முதலானவர்களின் கார்களில் இருப்பது ஓட்டோ என்பவரின் வேறு வகையான நாலு ஸ்ட்ரோக் எஞ்சின், ஆகவே அவர்கள் உரிமையை மீறவில்லை என்பது தீர்ப்பு. அதோடு கப்பம் நின்றது.

சரி, அப்படியானால் ஃபோர்டு செய்ததுதான் என்ன? காரை ஒரே அச்சில் நிறையச் செய்து விற்பதில்கூட அவருக்கு முன்னோடி உண்டு: 1901இல் ஓல்ட்ஸ்மொபைலைக் கொண்டுவந்த ரேன்சம் ஓல்ட்ஸ். ஃபோர்டின் சாதனை விலையில் இருக்கிறது. 1908இல் மாடல் டி வந்தபோது 850 டாலர். 1913இல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் ஆள் நின்ற இடத்தில் நிற்க, வண்டி நகர்ந்து வரும்படி வேலையை மாற்றினார்கள். ஒரு சேசிஸை, அதாவது காரின் அடிச்சட்டத்தை, கோக்க 12 மணி நேரத்துக்கு மேல் ஆனது, சில மாதங்களில் சுமார் ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. 1925இல் மாடல் டியின் விலை 300 டாலருக்கும் கீழே இறங்கியிருந்தது.

காரைச் சாமானியர் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தவர் யார் என்று நண்பரிடம் கேளுங்கள். அந்த வாதத்தில் நான் உங்கள் பக்கம்.