வரவேற்பறைக்குள் கோபுரம் வைக்கலாமா?

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "புதுவீட்டில் பூச்சு வேலை தொடங்கப் போகிறது. ஹோல் 14 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி. கோயில் மண்டபம் மாதிரி இரண்டு சீமெந்துத் தூணும் டிவி சுவரில் ஒரு கோபுரமும் வைக்க எனக்கு ஆசை. கல்யாண மண்டபம் போல ஆகிவிடும் என்கிறார் கணவர். என்ன செய்யலாம்?"

கோபுர விடயத்தில் உங்கள் கணவர் சொல்வது சரி. தெருமுனையில் நின்றே கும்பிடுவதற்காக உயர எழுப்புவது கோபுரம். 12 அடி அறைக்குள் அதைத் தள்ளி நின்று பார்க்க இடம் ஏது? கும்பாபிஷேகம் செய்து வணங்குகிற கலசத்தை டிவிக்கு மேலே வைக்கவும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆனால் உங்கள் ஆசை நல்ல ஆசை, அதை விட்டுவிடாதீர்கள். உச்சி வெயிலில் ஒரு பழைய சிவன் கோயிலுக்குள் போய்ப் பாருங்கள். வீதியில் கண் கூசும். மண்டபத்துக்குள் வந்தால் வெளிச்சம் தூண்களுக்கு நடுவே பக்கவாட்டில் நுழைந்து தரையில் விழும், மேற்கூரை நிழலாகவே இருக்கும். மூலஸ்தானத்தில் தூண்டாமணி விளக்கு மட்டும்தான். மனம் அடங்குவது இப்படி வெளிச்சம் படிப்படியாகக் குறைந்துகொண்டே போவதால்தான். அதை வீட்டுக்குள் கொண்டுவரச் செலவு அதிகமில்லை. விறாந்தை நல்ல வெளிச்சமாக இருக்கட்டும். ஹோலின் கூரையில் வரிசையாக லைற் பதிக்க வேண்டாம். 2700 கெல்வின் மஞ்சள் ஒளி பல்புகளை, உட்கார்ந்திருப்பவரின் தலை மட்டத்தில், சுவரோரமாக வையுங்கள். சுவாமி அறையில் ஒரு தூண்டாமணி விளக்கு போதும்.

அப்புறம் தூண். பொலனறுவைக்குப் போனால் வானவன்மாதேவி ஈச்சரத்தைப் பாருங்கள். இரண்டாம் சிவ தேவாலயம் என்று சொல்வார்கள். 11ஆம் நூற்றாண்டில் சோழர் முழுக்கக் கல்லாலேயே கட்டிய கோயில் அது. அதன் வெளிச்சுவர்களில் தனித்தூண் கிடையாது. சுவரிலிருந்து சற்றே புடைத்து நிற்கும் அரைத்தூண்கள்தான் சுவரைப் பிரிக்கின்றன. இடையிடையே கோட்டம் எனப்படும் மாடம். மற்றதெல்லாம் வெறும் கல். அந்த வெறுமைதான் மாடத்தை எடுத்துக் காட்டுகிறது. உங்கள் சுவருக்கும் இதுவே பொருந்தும்: இரண்டங்குலம் புடைத்த நான்கு அரைத்தூண், நடுவில் ஒரே ஒரு மாடம், அதில் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு. டிவியை எதிர்ச்சுவருக்கு மாற்றிவிடுங்கள்.

அசல் தூண் வேண்டுமென்றே மனம் கேட்டால் விறாந்தையில் வையுங்கள், மரத்தில் செய்யுங்கள். அடியில் சதுரம், நடுவில் நாலு மூலையையும் சீவிய எட்டுப் பட்டை, மேலே மறுபடி சதுரம். மூலை சீவியதும் அதே கனமுள்ள தூண் மெலிந்து தெரியும். முதிரை மரத்தில் செதுக்கினால் தலைமுறைக்கும் நிற்கும். தூணின் தலையில் வாழைப்பூப் போலத் தொங்கும் போதிகையை, மேலே உத்தரம் இருந்தால் மட்டும் வையுங்கள். உத்தரத்தைத் தாங்கத்தானே போதிகை? தாங்க ஒன்றுமில்லாத இடத்தில் அது பொய்யாக நிற்கும்.

அச்சில் வார்த்த சீமெந்துத் தூணை நான் மறுப்பதற்கு அழகு மட்டும் காரணமில்லை. அதற்குள் இரும்புக் கம்பி இருக்கும். நம் கடற்காற்றின் உப்பு மெல்ல உள்ளே இறங்கும், கம்பி துருப்பிடித்து ஊதும், சீமெந்து வெடிக்கும். மேலே பூச்சு மெல்லிதாக இருந்தால் இன்னும் சீக்கிரம். பித்தளையும் இங்கே விரைவில் கறுக்கும்தான், ஆனால் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று வந்துவிடும்.

மாடத்துக்கும் சுவர் விளக்குகளுக்கும் வயர் இழுக்கும் வேலை பூச்சுக்கு முன்பே முடிய வேண்டும். எனவே மேசன் வருவதற்கு முதல் நாளே எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, சோக்கட்டியால் சுவரில் இடம் குறித்துவிடுங்கள்.