நீர்கொழும்பில் ஞாயிறு காலை கரைவலையும் இல்லை, மீன் சந்தையும் இல்லை

ஞாயிறு காலை நீர்கொழும்புக்குப் போனபோது மீன் சந்தையும், கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்கும் கரைவலையும் ஏன் இல்லை என்று கேட்டிருந்தீர்கள். சனிக்கிழமை போங்கள், ஞாயிறு வேண்டாம். நீங்கள் கொழும்புக் கோட்டையிலிருந்து முதல் ரயிலில் போயும் லெல்லம என்கிற அந்த மீன் சந்தை வெறிச்சோடிக் கிடந்ததற்கு அதுதான் காரணமாக இருக்கும். அங்கே கடலுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். ஞாயிறு பூசைக்கு, கடலுக்கு அல்ல. நானும் ஒருமுறை வெள்ளவத்தையிலிருந்து பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய் காகங்களை எண்ணிவிட்டு வந்தவன்தான்.

கரைவலைக்கு ஞாயிறு மட்டுமல்ல, பருவமும் கணக்கு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும், வலை வளைப்பது குறைவு. ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைதான் நல்ல காலம். முதல் நாள் இரவே வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிவிப்பில் புத்தளம்–கொழும்புக் கரையைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

சந்தையைப் பார்த்த கையோடு பக்கத்து மணலில் கருவாடு காயும் இடத்துக்கும் போங்கள். கயிற்றுப் பாய்களில் வரிசையாகப் பரப்பியிருப்பார்கள். மணம் இரண்டு நாள் சட்டையைவிட்டுப் போகாது, சொல்லிவிட்டேன். மேலே செம்பருந்து வட்டமிடும்.

அப்புறம், விலங்கு பறவை பார்ப்பதுதான் முக்கியம் என்றால் கடற்கரையைவிட நீர்கொழும்புக் களப்பின் (கடல்நீர் ஏரியின்) தெற்கே உள்ள முத்துராஜவெல சதுப்புநிலம் மேல். விடியலில் படகில் போனால் கொக்கு, நீர்க்காகம், கபரக்கொய்யா (நீர் உடும்பு) எல்லாம் தெரியும். முதலையும் உண்டு, கையைத் தண்ணீரில் விடவேண்டாம்.

ஒன்று: நல்ல பருவத்திலும் வலை வெறுமையாக ஏறும் நாள் உண்டு. இழுக்கிறவர்களிடம் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள், கயிற்றுக்குக் குறுக்கே நிற்காதீர்கள்.