புள்ளிக்கு வீட்டில் பங்கு உண்டு, வாட்ஸ்அப் குரூப்பில் உண்டா?

கேள்வி: செட்டிநாட்டில் பள்ளத்தூர் பக்கம், எங்கள் ஐயாவுக்கு ஐயா கட்டிய வீடு. இப்போது 14 புள்ளி (கல்யாணமான ஆணின் குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி). பங்காளிகளுக்காக நான் நடத்தும் வாட்ஸ்அப் குரூப்பில் ஆச்சிமார், சிங்கப்பூர்ப் பிள்ளைகள் உட்பட 112 பேர். படைப்பு (முன்னோர் வழிபாடு) பற்றிய செய்தி, மராமத்துக் கணக்கு எல்லாம் அதில்தான் போகும். போன மாதம் ஒரு தம்பி (கல்யாணமாகி இரண்டு வருஷம்), சுவீகாரம் (தத்து) வந்த எங்கள் சித்தப்பா பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) உட்கார்ந்திருக்கும் படத்தை ஸ்டிக்கராக்கி, 'இரவல் புள்ளி' என்று எழுதிப் போட்டான். இருபது பேர் சிரித்தார்கள். அடுத்த வாரம், விவாகரத்தான ஒரு தங்கச்சியின் முகத்தை வைத்து ஆபாசமாக ஒரு ஸ்டிக்கர். கேட்டால், "தமாஷ் தெரியாதா? நானும் ஒரு புள்ளி, என்னை நீக்க நீ யார்?" என்கிறான். என் மேல் கேஸ் வருமா? எது தமாஷ் என்று யார் முடிவு செய்வது?

பதில்: முதலில் உங்கள் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக உங்கள் மேல் வழக்கு நிற்காது. கரூர் வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குரூப் பற்றிய வழக்கில், அட்மினாக மட்டுமே இருந்தவர் என்றால் போலீஸின் இறுதி அறிக்கையிலிருந்து பெயரை நீக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. அதே ஆண்டு நாக்பூரிலும், 2022-ல் கேரளத்திலும் உயர் நீதிமன்றங்கள் இதே போக்கில்தான் தீர்ப்பளித்தன. ஆனால் அந்த 'மட்டுமே'யைக் கவனியுங்கள். ஸ்டிக்கருக்குக் கீழே "இன்னொண்ணு போடுடா" என்று நீங்களும் ஏற்றிவிட்டிருந்தால் கதை வேறு. கடிதத்தில் அப்படி ஒன்றும் காணோம். நல்லது.

கேலிக்குச் சட்டம் எதிரி இல்லை. சிறுமலைக்குச் சுற்றுலா போன ஒருவர், துப்பாக்கிப் பயிற்சிக்காகப் போகிறோம் என்று முகநூலில் வேடிக்கையாக எழுதப்போய், வாடிப்பட்டி போலீஸ் வழக்குப் போட்டது. அதையும் 2021 டிசம்பரில் மதுரைக் கிளைதான் ரத்து செய்தது. ஒரு நையாண்டிக்காரர் இந்தத் தீர்ப்பை எழுதியிருந்தால், குடிமக்களின் கடமைகளைச் சொல்லும் அரசியலமைப்பின் 51ஏ பிரிவில் 'சிரிப்பது கடமை' என்றே சேர்க்கச் சொல்லியிருப்பார் என்று நீதிபதி குறிப்பிட்டார். எரிச்சலூட்டும் செய்திக்கெல்லாம் கைது செய்ய இடம் கொடுத்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையும் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சிலேயே ரத்து செய்துவிட்டது. ஆக, ஒருவர் மனம் கோணியது என்பது மட்டும் குற்றமாகாது.

சரி, 'இரவல் புள்ளி'க்கு வருவோம். பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 356-வது பிரிவு அவதூறைச் சொல்கிறது. அதில் பத்து விதிவிலக்குகள் உண்டு. தமாஷ் என்று ஒன்றுகூட இல்லை. குத்தலாக, மறைபொருளாகச் சொன்னாலும் அவதூறாகலாம் என்று விளக்கமே இருக்கிறது. 1956-ம் ஆண்டு தத்தெடுப்புச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி, சுவீகாரம் வந்த நாள் முதல் உங்கள் சித்தப்பா அந்த வீட்டுப் பிள்ளைதான். அவர் புள்ளியில் இரவல் ஏதுமில்லை. ஆனாலும் போலீஸ் நேராக வழக்குப் பதிய முடியாது. அவரே மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தனிப் புகார் கொடுக்க வேண்டும். வருஷக்கணக்கில் இழுக்கும். நானே அவருக்கு வக்கீலாக இருந்தாலும் போடச் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது ஸ்டிக்கரைத் தமாஷ் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். பெண்ணின் மானத்தை அவமதிக்கும் செயலுக்கு அதே சன்ஹிதாவின் 79-வது பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை, அபராதம். ஆபாசப் படத்தை மின்னணு வழியில் பரப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-வது பிரிவில், முதல் முறைக்கே மூன்று வருஷம் வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். இதில் புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதைத் தங்கச்சிதான் முடிவு செய்ய வேண்டும். பெரியவர்கள் கூடிப் பேசி "குடும்ப மானம்" என்று அவர் வாயை அடைக்க நீங்கள் துணை போகாதீர்கள். ஸ்டிக்கரை அழிக்கும் முன், தேதி, நேரம், அனுப்பியவர் எண் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்தப் போனை மாற்ற வேண்டாம். கோர்ட்டுக்குப் போனால் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழோடு அதுதான் பேசும். அப்புறம், அட்மினாக உங்களால் இன்னும் முடிந்தால், எல்லோருக்குமாக அழித்துவிடுங்கள். "இதைப் பாருங்க பெரியப்பா" என்று வேறு யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள். பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய இழிவான பதிவை 2018-ல் பகிர்ந்த முன்னாள் எம்.எல்.ஏ. ஒருவருக்கு, நான் எழுதவில்லை என்று அவர் சொல்லிப் பார்த்தும், 2024-ல் ஒரு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

தம்பியின் "நானும் புள்ளி" வாதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். வீட்டின் முகப்பிலும் வளவிலும் (உள்முற்றத்திலும்) அவனுக்குப் பங்கு உண்டு, அதை யாரும் பிடுங்க முடியாது. வாட்ஸ்அப் குரூப் பாகப்பத்திரத்தில் வராது. தாராளமாக நீக்கலாம். ஒரே ஒரு சிக்கல், மராமத்துக் கணக்கும் அதே குரூப்பில் போகிறது. நாளைக்கு, "எனக்குத் தெரிவிக்காமல் ஓடு மாற்றினார்கள், என் பங்குப் பணம் தர மாட்டேன்" என்று அவன் கோர்ட்டுக்குப் போனால், நீக்கியதே அவனுக்குச் சாட்சியாகிவிடும். கணக்குக்கென்று அட்மின்கள் மட்டும் எழுதும் தனிக் குரூப் ஒன்று தொடங்கி அதில் அவனை வைத்திருங்கள். முதல் கணக்கை ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

யார் முடிவு செய்வது என்று கேட்டீர்கள். நம் பக்கம் கேலிக்கே முறை உண்டு. அயித்தானைக் கொழுந்தியாள் கிண்டல் செய்யலாம், மச்சான் மச்சானை வாரலாம். மாமனாரிடம் அது நடக்காது. முகப்பில் நாலு பேருக்குள் சொன்னது அங்கேயே கரைந்துவிடும். குரூப்பில் அதே பேச்சை மாமனார், சம்பந்தி, பேரப்பிள்ளை எல்லோரும் ஒன்றாகப் படிக்கிறார்கள். முறை உள்ளவனுக்கு அளந்து போட்ட கேலி முறையில்லாதவர் தலையிலும் விழுகிறது. நான் பார்ப்பது ஒன்றுதான்: கேலிக்கு ஆளானவர் அதே குரூப்பில் பதில் கேலி போட முடியுமா? சித்தப்பாவால் முடியாது, 'இரவல்' என்ற சொல்லுக்கு அவர் என்ன சொன்னாலும் தன் பிறந்த வீட்டை இழுத்தாக வேண்டும். இதைக் குரூப் விதியாகத் தட்டச்சு செய்து ஒட்டாதீர்கள், அதற்கும் ஸ்டிக்கர் வரும். இரண்டு ஆச்சிமாரை அட்மினாகச் சேருங்கள், போதும்.

தங்கச்சியிடம் இன்றைக்கே பேசுங்கள். சித்தப்பா வீட்டுக்கு நேரில் போங்கள். போகும்போது மராமத்துக் கணக்கின் நகல் ஒன்று எடுத்துப்போய், புள்ளி வரிசையில் அவர் பெயர் இருக்கும் பக்கத்தைத் திறந்து கையில் கொடுங்கள்.