பதினான்குக்கு மூன்று

அன்புள்ள அண்ணா,

எங்கள் ஊர் உடுக்கையடிக் கலைஞரைப் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவில் நான் எழுதிய பக்கத்தை நீக்கலாமா என்று விவாதம் நடந்தது. இருக்கட்டும் என்று பதினான்கு பேர் எழுதினோம். நீக்கச் சொன்னவர்கள் மூன்றே பேர். நிர்வாகியாக இருந்து விவாதத்தை முடித்துவைத்த நீங்கள் 'நீக்கம்' என்று எழுதிவிட்டீர்கள். ஐம்பது வருடமாக, பொன்னர்-சங்கர் சகோதரர்களைப் பற்றிய அண்ணன்மார் கதையைப் பாடுகிறவர் அவர். நாளிதழில் வந்த கட்டுரையைச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அவருக்கு ஒரு பக்கம்கூடக் கிடையாதா? ஊர்க்கூட்டத்தில் இப்படித் தீர்ப்புச் சொன்னால் ஒத்துக்கொள்வார்களா?

ஒரு வாசகர், காங்கேயம்

அன்புள்ள தம்பி,

நீங்கள் கேட்டுக்கொண்டபடி பெயரை எடுத்துவிட்டேன். சிறுவயதில் கோயில் திடலில் விடிய விடிய உடுக்கைச் சத்தம் கேட்டு, நாயகர்கள் களத்தில் விழும் படுகளக் கட்டம் வரும்போது அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதவன் நான். அந்த முடிவை எழுதிய இரவு எனக்கும் சரியாகத் தூக்கம் வரவில்லை.

ஊர்க்கூட்டம் என்றீர்கள். நம் ஊர்க்கூட்டங்களில் கை தூக்கச் சொல்லி எண்ணியதை நான் பார்த்ததே இல்லை. எல்லோரையும் பேசவிட்டு, யார் பேச்சுக்குப் பதில் வரவில்லை என்று கவனித்துத்தான் பெரியவர்கள் முடிப்பார்கள். ஆனால் அங்கே பேசுகிறவர் எந்த வீட்டுக்காரர், எத்தனை ஏக்கர்காரர் என்பதும் சேர்ந்துகொள்ளும். விக்கிப்பீடியாவில் அது கூடாது. நேற்றுக் கணக்குத் தொடங்கிய கல்லூரி மாணவி சொல்வதும் பத்து வருடமாக எழுதுகிறவர் சொல்வதும், காரணத்தின் கனத்தால் மட்டுமே பார்க்கப்பட வேண்டும்.

தொடக்கத்தில் இந்த விவாதங்களின் பெயரிலேயே 'வாக்கு' என்ற சொல் இருந்தது. 2005இல் அதை எடுத்துவிட்டார்கள். ஈரோட்டு மஞ்சள் ஏலத்துக்குப் போயிருப்பீர்கள். மூட்டை எத்தனை என்று பார்த்தா விலை எழுதுகிறார்கள்? மாதிரியிலிருந்து ஒரு விரலியை எடுத்து ஒடித்து, உள்ளே நிறம் எப்படி என்று பார்க்கிறார்கள். நானும் பதினேழு கருத்துகளையும் ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்தேன்.

உங்கள் பதினான்கில் ஒன்பது, ஒரே மாலையில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்தவை. வாட்ஸப் குழுவில் யாரோ அழைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதற்காக ஒதுக்கவில்லை. 'கொங்கு மண்ணின் பெருமை', 'மாபெரும் கலைஞர்' என்றே எல்லாம் இருந்தன. உண்மைதான். ஆனால் அங்கே கேட்கப்பட்ட கேள்வி வேறு: அவரோடு தொடர்பில்லாத யாராவது அவரைப் பற்றி, நம்பத்தக்க இடத்தில், விரிவாக எழுதியிருக்கிறார்களா? பதினான்கு பேரில் ஒருவர்கூட இதற்குப் பதில் சொல்லவில்லை.

எதிர்த்தரப்பில் ஒருவர் 'யாரென்றே தெரியாதவர்' என்று மட்டும் எழுதியிருந்தார். அதற்கும் நான் மதிப்புக் கொடுக்கவில்லை. இன்னொருவர் இரண்டு நாளிதழ்களின் இணையத் தொகுப்பில் தேடி, விழாச் செய்திகளில் பெயர் மட்டும் வருவதைக் காட்டினார். மூன்றாமவர் நீங்கள் கொடுத்த நான்கு சான்றுகளையும் திறந்து பார்த்திருந்தார். மூன்று, கோயில் விழா அழைப்பிதழ்கள். ஒன்று, கலைஞரே கொடுத்த பேட்டி. ஏழு நாள் கெடு முடிந்தும் இவருக்குப் பதில் வரவில்லை. இன்னொரு வாரம் நீட்டித்தேன். அப்போதும் வரவில்லை. இரண்டு பக்கத்திலும் சமமான காரணங்கள் இருந்திருந்தால் 'ஒருமித்த கருத்து இல்லை' என்று முடித்திருப்பேன். பக்கம் அப்படியே நின்றிருக்கும்.

நானே தேடிச் சான்று கண்டுபிடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். சில வருடங்களுக்கு முன் அந்தத் தவறைச் செய்தேன். ஒரு பழைய மாட்டுச்சந்தையைப் பற்றிய விவாதம், ஆறுக்கு ஐந்து என்று இழுபறியாக இருந்தது. நானே தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை, அதையே காரணமாக எழுதி நீக்கிவிட்டேன். மறுஆய்வில் என் முடிவைத் திருப்பிப்போட்டார்கள். அதுதான் சரி. சாட்சி சொல்ல வேண்டிய இடத்தில் நான் தீர்ப்புச் சொல்லியிருந்தேன். என் கருத்து முக்கியம் என்று தோன்றினால் விவாதத்துக்குள் இறங்கி ஓர் ஆளாக எழுதிவிட்டு, முடித்துவைக்கும் வேலையை வேறொருவருக்கு விட்டிருக்க வேண்டும். இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

இந்த விதி வாய்மொழிக் கலைக்குக் கடினமானது என்பது எனக்குத் தெரியும், உள்ளபடியே வருந்துகிறேன். 1960களில் மானிடவியலாளர் பிரெண்டா பெக் நம் பகுதிக்கு வந்து தங்கி அண்ணன்மார் கதையை ஒலிப்பதிவு செய்தார். பிறகு அதைப் பற்றி நூலும் எழுதினார். அதனால்தான் அந்தக் கதையை உலகில் யாரும் 'சான்றில்லை' என்று தள்ள முடியாது. அவர் வருவதற்கு முந்தைய காலத்தில் பாடிய எத்தனை பேருடைய பெயர் எங்கேயும் அச்சாகவில்லை!

உங்கள் பக்கம் அழிந்துவிடவில்லை. இன்று காலை அதை மீட்டு, வரைவாக உங்கள் கணக்குக்கு மாற்றியிருக்கிறேன். சான்று ஆங்கிலத்தில் இருக்க வேண்டியதில்லை, இணையத்தில் இருக்க வேண்டியதும் இல்லை. அந்தச் சுவரில் மாட்டிய கட்டுரையை விவாதத்தில் ஏன் யாருமே சொல்லவில்லை? பெரியவரிடம் கேட்டுச் சட்டத்தைக் கழற்றுங்கள். நாளிதழின் பெயர், தேதி, பக்க எண், எழுதியவர் பெயர் எல்லாம் தெரியும்படி படமெடுங்கள். ஓரம் கத்தரித்து ஒட்டியிருந்தால் தாளின் பின்பக்கத்தையும் பாருங்கள், பல சமயம் தேதி அங்கே கிடைக்கும். அது போல இன்னொன்றும் கிடைத்தால் இரண்டையும் வரைவில் சேர்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்