மகளின் நோட்டைப் படித்துவிட்டேன்

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. கேட்டால் "ஒன்றுமில்லைம்மா" என்கிறாள். போன வாரம் அவள் டியூஷன் போயிருந்தபோது, அலமாரியில் துணிகளுக்கு அடியில் இருந்த நோட்டைப் படித்தேன். தற்செயலாகக் கண்ணில் பட்டதென்று பொய் சொல்ல மனம் வரவில்லை, தேடித்தான் எடுத்தேன். உடன் படிக்கும் பையனைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறாள். கடைசிப் பக்கத்தில், "நான் இல்லாமல் போனால் யாருக்கும் நஷ்டமில்லை" என்று ஒரு வரி. அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அவள் அப்பாவுக்குத் தெரிந்தால் அடித்தாலும் அடிப்பார். அவளிடமே கேட்டால் நான் படித்தது தெரிந்துவிடும். என்ன செய்வது?

– ஒரு தாய், கும்பகோணம்

அன்புச் சகோதரிக்கு,

இன்றே கேளுங்கள். "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. தவிக்கிற பிள்ளைக்கு வாய் திறக்க வழி கிடைக்கும். ஆம் என்றால் தனியே விடாதீர்கள். மாத்திரை, பூச்சிமருந்து எதுவும் கைக்கெட்டக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான 'டெலி மானஸ்' 14416 எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

நோட்டைப் படித்ததையும் ஒப்புக்கொள்ளுங்கள். "நீ சாப்பிடாததைப் பார்த்துப் பயந்து எடுத்தேன், கேட்காமல் படித்தது தப்பு." இவ்வளவு போதும். கோபப்படுவாள், படட்டும். மழுப்பினால், நாளை நீங்கள் கேட்கும் எதற்கும் உண்மையான பதில் வராது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அது வரம்பற்றதல்ல என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. ஆனால் அது அரசை எதிர்த்து வந்த வழக்கு. உங்கள் வீட்டு அலமாரிக்கு, என் தொழிலைக் கட்டுப்படுத்தும் மனநலப் பராமரிப்புச் சட்டம்தான் பொருத்தமாகப் படுகிறது. அதுவும் 2017இல் வந்ததுதான். என்னிடம் வருபவர் சொன்னதை நான் வெளியே சொல்லக் கூடாது. உயிருக்கு ஆபத்தென்றால் சொல்லலாம். அப்போதும் அதைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மட்டும்.

அந்த அளவை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். அவள் உயிரைப் பற்றிய அந்த ஒரு வரி அப்பாவுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். பையனைப் பற்றிய பக்கங்கள் அவளுடையவை. அவற்றை யாரிடமும் சொல்லாதீர்கள். அப்பாவிடம் சொல்லப்போவதை முதலில் அவளிடம் சொல்லுங்கள். அவர் கை நீட்டுவார் என்ற பயம் இருந்தால், மருத்துவர் முன்னிலையில் சொல்லுங்கள்.

நோட்டை இனித் திறக்க வேண்டாம். மாலையில் பேசிவிட்டு எனக்கு எழுதுங்கள்.